வாங்கியது நாம், திறக்கும் உரிமை யாருக்கு?

புதுதில்லி: தலைநகரின் தென்பகுதியில், தாமரைக் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் இருக்கிறது நேரு பிளேஸ். கணினி வாங்கவும், விற்கவும், பழுது பார்க்கவும் தில்லியைத் தாண்டியும் பல ஊர்களிலிருந்து மக்கள் வந்து கூடும் சந்தை அது. அங்கு ஒரு கடையில் 59,000 ரூபாய் கொடுத்துப் புதிய மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். பொருளின் விலை 50,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி 9,000 ரூபாய்.

பதினொரு நாட்கள் குறையின்றி ஓடியது. பன்னிரண்டாம் நாள் மாலை, செய்தி ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது திரை இருண்டது. சார்ஜர் செருகியபடியே இருந்தது. பேட்டரியிலோ சிறிதும் மின்சாரம் இல்லை. அன்று தொடங்கிய பழுது முழுமையாகச் சீராக 30 நாட்கள் பிடித்தன. அந்த 30 நாட்களில் அலைந்து தெரிந்துகொண்டவை, மடிக்கணினி வாங்கும் எவருக்கும் உதவக்கூடியவை. நாட்டின் சட்டங்கள் எதுவரை நம்முடன் வருகின்றன, எங்கே நின்றுவிடுகின்றன என்பதையும் அவை காட்டின.

எது பழுது, எது பழுதல்ல

வாங்கிய முதல் நாளே எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. 512 ஜி.பி. சேமிப்புத் திறன் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். இயந்திரமோ சுமார் 476 என்றே காட்டியது. ஏமாற்றிவிட்டார்களோ என்று தோன்றியது. விசாரித்ததில் விடை எளிதாகவே கிடைத்தது. தயாரிப்பாளர்கள் நூறு கோடி பைட்டுகளை ஒரு ஜி.பி. என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் இயங்குதளமோ 1024-ஐ மும்முறை பெருக்கி வரும் எண்ணை, அதாவது 107 கோடிக்கும் சற்று அதிகமான பைட்டுகளை, ஒரு ஜி.பி. என்று கொள்கிறது. பொருள் ஒன்றுதான், அளவுகோல் இரண்டு. இது பழுதல்ல.

சார்ஜ் ஏறாதது அப்படியல்ல. கடைக்காரரிடம் சென்றேன். ஏழு நாட்களுக்குள் வந்திருந்தால் மாற்றிக் கொடுத்திருப்போம், இனி நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும் என்றார். ஏழு நாள் கணக்கு பில்லில் எங்கும் இல்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. அந்தக் கவனக்குறைவின் விலை பின்னர்தான் தெரிந்தது.

நிறுவனத்தின் தொலைபேசி உதவியில் பேசியவர், சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடிக்கச் சொன்னார். வேடிக்கையாகத் தோன்றினாலும் இது பொருளற்ற யோசனை அன்று. சுற்றுகளில் எஞ்சியிருக்கும் மின்சாரம் வடிந்து, மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிறு சில்லு மீண்டும் தொடக்கத்திலிருந்து இயங்கும். பல மடிக்கணினிகளில் இதுவே போதுமான மருந்து. எனக்கு அது பலிக்கவில்லை.

அழிந்த கோப்புகள்

சர்வீஸ் சென்டரில் வரிசை எண் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். முகப்பில் இருந்த இளைஞர் இயந்திரத்தைத் திறந்து பார்க்கவில்லை. 'சாப்ட்வேர் பிரச்சினை' என்று எழுதிக்கொண்டார். உள்ளிருக்கும் கோப்புகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மூன்றாம் நாள் இயந்திரம் திரும்பி வந்தது. இயங்குதளம் புதிதாக நிறுவப்பட்டிருந்தது. பத்து நாட்களுக்கும் மேலாக நான் சேர்த்து வைத்திருந்த குறிப்புகள் அனைத்தும் அழிந்திருந்தன. அவற்றுக்கு வேறு பிரதி என்னிடம் இல்லை. அது என் தவறு. ஆனால் நான்காம் நாள் அதே பழுது மீண்டும் வந்தது. தேவையற்ற சிகிச்சைக்காகக் கோப்புகள் பலியாகியிருந்தன.

மறுநாள் மீண்டும் நேரு பிளேஸ் சென்றேன். இம்முறை மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு அமர்ந்திருந்த பழுது பார்ப்பவர் ஒருவரிடம். அவர் சார்ஜருக்கும் மடிக்கணினிக்கும் இடையே விரல் அளவுள்ள மீட்டர் ஒன்றைப் பொருத்தினார். செருகியை இலேசாக அசைத்தார். மீட்டரில் மின்னோட்டம் பூஜ்யத்துக்கு இறங்கியது. மற்றொரு சார்ஜரைப் போட்டுப் பார்த்தார். மூன்றாவதையும் போட்டுப் பார்த்தார். விளைவு மாறவில்லை. சார்ஜர் நல்லது, பேட்டரியும் நல்லது, செருகும் துளையில்தான் குறை என்று பத்தே நிமிடத்தில் சொன்னார். அந்த இயந்திரத்தில் சார்ஜ் ஏற்றும் துளை ஒன்றே ஒன்றுதான்.

மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். சில நூறு ரூபாய் வேலைதான், ஆனால் நான் திறந்தால் உங்கள் வாரண்டி போய்விடும் என்று கைவிரித்தார். நோயைக் கண்டுபிடித்தவருக்குத் திறக்க அனுமதியில்லை. அனுமதி பெற்றவர்களோ திறந்து பார்க்கவில்லை.

ஒரு துளைக்காக ஒரு மதர்போர்டு

இரண்டாம் முறை சர்வீஸ் சென்டருக்குச் செல்லும்போது கையில் ஆதாரம் கொண்டு போனேன். விண்டோஸில் 'பேட்டரி ரிப்போர்ட்' என்றொரு வசதி உண்டு. இயந்திரம் எந்த நேரத்தில் மின்இணைப்பில் ஓடியது, எப்போது பேட்டரிக்கு மாறியது என்பதை அது பட்டியலிட்டுத் தரும். சார்ஜர் செருகியிருந்தபோதே மின்சாரம் அறுந்த நேரங்களை அதில் கோடிட்டுக் காட்டினேன். அதன் பின்னரே இயந்திரம் உள்ளே போனது.

தீர்ப்பு: மதர்போர்டை மாற்ற வேண்டும். அந்தத் துளை மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதை மட்டும் மாற்றும் வேலை அங்கே நடப்பதில்லை. இன்று மெலிந்த உடலுடன் வரும் பல மடிக்கணினிகளில் ராம் நினைவகமும் இப்படியே பலகையோடு பற்றவைக்கப்படுகிறது. ஒரு சிறு சில்லு கெட்டாலும் முழுப் பலகையே போக வேண்டும். வாரண்டிக் காலத்தில் இந்தச் செலவு நிறுவனத்துடையது; அது முடிந்த மறுநாளிலிருந்து நம்முடையது. மாற்றப்படும் பலகைகள் மின்னணுக் கழிவாகின்றன. அத்தகைய கழிவை வெறுங்கையால் பிரித்துப் பிழைக்கும் குடும்பங்களை இதே தில்லியின் சீலம்பூரில் காணலாம்.

உதிரிபாகம் வர 19 நாட்கள் ஆயின. மாற்றி முடித்து இயந்திரத்தை இயக்கியபோது புதியதொரு தடை: 48 இலக்கங்கள் கொண்ட மீட்புக் குறியீட்டைத் திரை கேட்டது. புதிய விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில், நாம் கணக்கைத் தொடங்கி உள்ளே நுழையும்போதே சேமிப்பகம் தானாகப் பூட்டப்படுகிறது. பூட்டின் சாவி மதர்போர்டில் உள்ள பாதுகாப்புச் சில்லோடு இணைந்தது. பலகை மாறினால் இயந்திரம் தன் உரிமையாளரை அடையாளம் காணாது. அந்தக் குறியீடு நாம் தொடங்கிய இணையக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கணினி வழியாக அதைத் தேடி எடுத்தேன். கணக்கின் கடவுச்சொல்லை மறந்திருந்தால் இரண்டாம் முறையும் அனைத்தையும் இழந்திருப்பேன். கடைக்காரரே கணக்கைத் தொடங்கிக் கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அப்படி வாங்கியவர்களின் நிலை என்ன?

சட்டம் தந்த 30 நாட்கள்

காத்திருந்த நாட்களில்தான் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது அதன் 2(47) பிரிவு. அதற்கான காலவரம்பு பில்லில் உள்ளபடி. பில்லில் எதுவும் இல்லையெனில் 30 நாட்கள்.

என் பில்லில் காலவரம்பு ஏதும் இல்லை. பன்னிரண்டாம் நாள் கடைக்காரர் வாய்மொழியாகச் சொன்ன ஏழு நாள் கணக்கை நான் நம்பித் திரும்பினேன். சர்வீஸ் சென்டரின் உதிரிபாகத்துக்குக் காத்திருந்தபோதே அந்த 30 நாட்களும் கடந்துவிட்டன. சட்டம் இருந்தது, அது இருப்பது எனக்குத் தெரியவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணுக்குப் புகார் செய்தேன். வழக்குக்கு முந்தைய நிலையில் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் பெறும் ஏற்பாடு அது. மூன்றாம் நாள் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. அதுவரை ஒருமுறைகூட அவர்களாக அழைத்ததில்லை. அங்கும் தீராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதம், இல்லையெனில் மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. ஆனால் ஆணையங்களில் தலைவர், உறுப்பினர் பதவிகள் நிரப்பப்படாமல் கிடந்ததை 2021-இல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரிக்க நேர்ந்தது. நாற்காலி காலியாக இருந்தால் காலக்கெடுவால் என்ன பயன்?

கொள்கையில் விடுபட்ட பக்கம்

2023 ஆகஸ்ட் 3 அன்று மடிக்கணினி இறக்குமதிக்கு உரிமம் தேவை என்று மத்திய அரசு அறிவித்தது. மறுநாளே அதை அக்டோபர் 31 வரை ஒத்திவைத்தது. பின்னர் அது இணையவழி அனுமதி முறையாகத் தளர்ந்தது. அதே ஆண்டு மே மாதம், கணினி வன்பொருளை உள்நாட்டில் தயாரிப்பதற்கான ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு 17,000 கோடி ரூபாய் ஒதுக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. உள்நாட்டு உற்பத்தி பெருகட்டும், வரவேற்போம். ஆனால் விற்ற பொருளுக்கு எத்தனை ஆண்டு உதிரிபாகம் கிடைக்கும், யார் பழுது பார்க்கலாம் என்ற கேள்விகளுக்கு அதே முனைப்புக் காட்டப்படவில்லை.

'பழுது பார்க்கும் உரிமை' குறித்து நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசி மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. மடிக்கணினிக்குத் தனித் தலைப்பு இல்லை. அவ்வாண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கென ஓர் இணையதளம் தொடங்கப்பட்டது. நிறுவனங்கள் தரும் தகவல்களை அது ஓரிடத்தில் தொகுக்கிறது. தகவல் வேறு, உரிமை வேறு. பிரான்சிலோ 2021 ஜனவரி 1 முதலே மடிக்கணினி உள்ளிட்ட பொருட்களின் மீது, அவற்றைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணாக அச்சிட வேண்டும்.

வாரண்டி போய்விடும் என்ற அச்சுறுத்தலுக்கும் நம் நாட்டிலேயே ஒரு பதில் எழுதப்பட்டிருக்கிறது. உதிரிபாகங்களை வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் முடக்கிய 14 கார் நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளி ஆளிடம் பழுது பார்த்தாலே வாரண்டி ரத்து என்ற பொத்தாம்பொதுவான நிபந்தனை கூடாது என்றும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன என்பது வேறு. காருக்குப் பொருந்தும் நியாயம் கணினிக்கு ஏன் பொருந்தக்கூடாது?

யாருக்கு இழப்பு அதிகம்?

எனக்கு அலுவலகத்தில் வேறு கணினி இருந்தது, பிழைப்புக் கெடவில்லை. எல்லோருக்கும் அப்படியில்லை. 2017-18-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி, நாட்டில் கணினி இருந்த குடும்பங்கள் 10.7 சதவீதமே, நகர்ப்புறத்தில் 23.4, கிராமப்புறத்தில் 4.4. அதன் பின்னர் 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்து வகுப்பறையையே கணினிக்குள் கொண்டுபோனது. கடன் வாங்கி வாங்கிய ஒரே இயந்திரம் தேர்வுக்கு முந்தைய வாரம் சர்வீஸ் சென்டரில் முடங்கினால், அந்த மாணவிக்கு 30 நாட்கள் என்பது ஒரு பருவத்தின் இழப்பாகிவிடும்.

ஆகவே வாங்குவோருக்குச் சில சொற்கள். பில்லைப் படித்து வாங்குங்கள். காலவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கை உங்கள் பெயரில் நீங்களே தொடங்குங்கள். 48 இலக்கக் குறியீட்டைத் தாளில் எழுதி வையுங்கள். கோப்புகளுக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். பழுது தெரிந்த அன்றே கடைக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். சர்வீஸ் சென்டரின் ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

என் மடிக்கணினி இப்போது ஒழுங்காக இயங்குகிறது. ஓராண்டு வாரண்டியில் அந்த 30 நாட்களும் கழிந்துபோயின; அவற்றை ஈடுசெய்து நீட்டித்துத் தரும் வழக்கம் இல்லை என்றார்கள். 9,000 ரூபாய் வரியை வாங்கும்போதே பெற்றுக்கொண்ட அரசு, அந்த 30 நாட்களுக்காவது ஒரு விதி செய்யலாம்.