கண்ணாடித் தகட்டில் வாழும் பாரிஸ்

கலைஞன் மறைந்த பின்னரே உலகம் அவனை அறியும் என்பர். அவ்வறிவு தானாக வந்துவிடுவதன்று. இறந்தவன் விட்டுச் சென்றதை எடுத்துச் சுமக்க யாரேனும் ஒருவர் வேண்டும். பாரிஸ் நகரின் முதிய புகைப்படக் கலைஞரான யூஜீன் அட்ஜேக்கு அத்தகைய ஒருவர் வாய்த்தார். அவர் மகளுமல்லர், மாணவியுமல்லர். கடல் கடந்து வந்த ஓர் அமெரிக்க இளம் பெண்.

அட்ஜே 1857இல் பிரான்சின் தென்மேற்கிலுள்ள லிபூர்ன் என்னும் ஊரிற் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். கப்பலிலே தொழில் பார்த்தார். நாடக மேடையும் ஏறினார். மேடை கைகொடாதபோது கமராவை நாடினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகள் தொடக்கம், இடிபட்டு மறைந்துகொண்டிருந்த பழைய பாரிசைப் படம் பிடிப்பதே அவரது வாழ்நாட் பணியாயிற்று.

கனத்த மரக் கமரா, முக்காலி, 18 சதமமீற்றருக்கு 24 சதமமீற்றர் அளவான கண்ணாடித் தகடுகள் ஆகிய இவற்றையெல்லாம் சுமந்துகொண்டு அவர் தெருத் தெருவாக நடந்தார். நெடுநேரம் ஒளியை வாங்கவேண்டியிருந்தமையால், அசைந்து சென்ற மனிதர் சில படங்களிற் புகைபோலக் கரைந்தனர். கற்சுவரும் படிக்கட்டும் கடைவாயிலும் நிலைத்து நின்றன. வீதி இசைக்காரர், விளக்கு மூடி விற்பவர், கந்தை பொறுக்குவோர் முதலியோரையும் அவர் மறக்கவில்லை. தகட்டைத் தாளோடு சேர்த்து வெயிலில் வைத்தே பிரதி எடுத்தார்.

இத்துணை செய்தும், அவர் வீட்டுக் கதவில் இருந்த பலகை கூறியது ‘கலைஞர்களுக்கான ஆவணங்கள்’ என்று மட்டுமே. நூலகங்களும் நூதனசாலைகளும் அவரிடம் படங்கள் வாங்கின. 1920இல் 2,600க்கு மேற்பட்ட தகடுகளை அரசுக்கு விற்றார். ஆயினும் புகழ் அவரைத் தேடி வரவில்லை. அவரும் அதனைத் தேடிச் செல்லவில்லை.

அவர் குடியிருந்த தெருவிலேயே மான் றே என்னும் அமெரிக்கக் கலைஞரின் படப்பிடிப்புக் கூடமும் இருந்தது. அங்கே உதவியாளராயிருந்தவர் பெரெனீஸ் அபொட். கிழவரின் படங்களைக் கண்டு வியந்த அப்பெண், படியேறி அவரது வீட்டுக்குச் சென்று, தம்மால் இயன்றவற்றை வாங்கலானார். 1926இல் அட்ஜேயின் வாழ்க்கைத் துணைவி வலன்ரீன் இறந்தார். மறு ஆண்டில் அபொட் அவரைத் தம் கூடத்துக்கு அழைத்துப் படம் எடுத்தார். வழக்கமான வேலையுடையில் வருவாரென எதிர்பார்த்திருக்க, முதியவர் நல்லதொரு மேலங்கி அணிந்து வந்தார். முகத்திலே களைப்பும் கூன் விழுந்த தோளும் படத்திற் பதிந்தன.

அப்படங்களை எடுத்துக்கொண்டு அபொட் அவர் வீடு சென்றபோது, முதியவர் உயிருடன் இல்லை. 1927 ஓகஸ்ட் 4ஆந் திகதி, எழுபதாவது வயதில் அவர் மறைந்திருந்தார்.

எஞ்சிய தகடுகள், நாடக நாள் முதலாகத் தோழராயிருந்த அன்ட்ரே கல்மெற் என்பவரின் பொறுப்பில் இருந்தன. அபொட் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, 1928இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட தகடுகளையும் பல்லாயிரம் பிரதிகளையும் வாங்கினார். அவர் செல்வரல்லர்; பிறருதவியும் வேண்டியிருந்தது. 1929இல் அவற்றை நியூயோர்க்குக்குக் கொண்டு சென்றார். உடையக்கூடிய அச்சுமையைப் பேணினார், பிரதி எடுத்தார், காட்சிக்கு வைத்தார், கட்டுரை எழுதினார். 1930இல் அட்ஜேயின் படங்கள் நூலாயின. 1964இல் அபொட் தாமே ‘அட்ஜேயின் உலகம்’ என்னும் நூலை வெளியிட்டார். 1968இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலை அத்தொகுதியை வாங்கியபோதே அவரது பாரம் இறங்கியது.

அவர்கள் பழகியது ஓரிரண்டு ஆண்டுகளே. அவர் சுமந்ததோ நாற்பது ஆண்டுகள். அபொட் தாமும் பெரும் படப்பிடிப்பாளர். மாறிவரும் நியூயோர்க்கைப் படம் பிடித்து 1939இல் நூலாக்கியவர். தம் கலைக்கே செலவிட்டிருக்கக்கூடிய காலத்தில் ஒரு பங்கை இன்னொருவரின் நினைவுக்கு ஈந்தார். இரங்கற் சொற்கள் எளியவை. கண்ணாடித் தகடுகளைக் கடல் கடந்து காப்பது எளிதன்று.

பிறர் மறந்த தெருக்களை அட்ஜே காத்தார். உலகம் மறக்கவிருந்த அட்ஜேயை அபொட் காத்தார். மேலங்கி அணிந்த முதியவரின் அந்தப் படத்தை அவர் தம் கண்ணாற் காணவில்லை. நாம் காண்கிறோம். அன்பு செய்யக்கூடிய கைம்மாறு வேறென்ன?