ஆய்வுகூட அறிக்கையில் இடறும் பிள்ளைகள்

தமிழ் மொழிமூலம் உயர்தரம் கற்று விஞ்ஞான பீடம் செல்லும் எமது பிள்ளைகள் கலைச்சொற்களில்தான் தடுமாறுகிறார்கள் என்று பலரும் நினைக்கின்றோம். 'ஒட்சியேற்றம்' ஒக்சிடேஷன் ஆக ஒரு வாரம் போதும். தெரிந்த சொல்தான் சிக்கல். 'ரிடியூஸ்' என்றால் குறைத்தல் என்று படித்த பிள்ளை, இரசாயனவியலில் அது 'தாழ்த்தல்' என்று விளங்குவதற்குள் விரிவுரையாளர் அடுத்த சமன்பாட்டுக்குப் போய்விடுவார்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி தனது முதலாம் வருட அறிக்கையொன்றைக் காட்டினாள். பரிசோதனை சரி, பெறுபேறும் சரி. ஆனால் 'நான் அமிலத்தை ஊற்றினேன்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அங்கு எதிர்பார்ப்பது 'அமிலம் சேர்க்கப்பட்டது' என்ற நடை. முடிவில் 'இது நிரூபிக்கிறது' என்றிருந்தது. ஒரேயொரு பரிசோதனையை வைத்து அப்படி எழுத முடியாது. 'இவ்வாறு இருக்கலாம் எனத் தெரிகிறது' என்பதே பொருத்தம். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. புள்ளிதான் குறைந்தது.

உயர்தரத்தில் பொது ஆங்கிலம் ஒரு பாடம். இசட் புள்ளியில் சேராததால் அதை யாரும் கணக்கெடுப்பதில்லை, ஆசிரியர்களாகிய நாங்களும்தான். பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் கிடைக்கும்வரை பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டிலிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஊரிலுள்ள சிரேஷ்ட மாணவர்கள் தமது பழைய அறிக்கைகளை எடுத்துவந்து, வாரம் ஒன்றாக இவர்களை எழுதவைத்துத் திருத்திக் கொடுக்கலாம். பாடசாலை வகுப்பறையொன்றைத் திறந்துவிட்டால் போதும்.