அடிபட்ட அன்று வலிக்காத கழுத்து மறுநாள் வலிப்பது ஏன்?

அவிநாசி சாலையில் நிற்கும் பனியன் கம்பெனி வேனின் பின்னால் ஒரு லாரி மோதினால் என்ன ஆகும்? இருக்கை உடலை முன்னே தள்ளும். சுமார் 5 கிலோ தலை ஒரு கணம் பின்தங்கி, பிறகு முன்னே வெட்டும். கழுத்துத் தசைகளும் எலும்பை இணைக்கும் நார்களும் இழுபடும். வீக்கம் மெல்லக் கூடுவதால், வலி பல சமயம் மறுநாள்தான் தெரியும்.

லேசான வலியா? படுத்தே கிடக்காமல் கழுத்தை மெதுவாக அசைத்துவந்தால், பெரும்பாலும் சில வாரங்களில் குறையும். சலூனில் சொடக்கு எடுக்காதீர்கள்.

கை கால் மரத்தல், பலவீனம், நடுக்கழுத்து எலும்பில் கடும் வலி, தொடர் வாந்தி, மயக்கம், குழப்பம் இருந்தால் கழுத்தை அசைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். செலவை எண்ணித் தயங்க வேண்டாம்: 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேர சிகிச்சை, பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் உச்சவரம்புக்கு உட்பட்டு இலவசம்.