வானொலி கேட்டுத் தானே திருத்திக்கொள்ளும் கடிகாரம்

ஜெர்மனியில் பல வீட்டுக் கடிகாரங்களை யாரும் திருத்துவதில்லை. எப்படி?

பிராங்க்பர்ட் அருகே மைன்பிளிங்கனில் உள்ள டிசிஎஃப்77 நிலையம், அணுக்கடிகார நேரத்தை 77.5 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. அதைக் கேட்கும் வாங்கியை வீட்டிலேயே செய்யலாம்.

ஏன் இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்? இந்த நெட்டலைகள் நிலத்தை ஒட்டியே வெகுதூரம் செல்லும், சுவரையும் ஊடுருவும். சுமார் 2,000 கி.மீ. வரை எட்டும்.

அலையை வாங்குவது எப்படி? ஃபெரைட் தண்டில் செப்புக் கம்பிச் சுருள். அதோடு இணையாக ஒரு மின்தேக்கி. சுருள் 1.9 மில்லிஹென்றி, மின்தேக்கி 2.2 நானோஃபாரட் என்றால் ஒத்ததிர்வு ஏறத்தாழ 77.5 கிலோஹெர்ட்ஸில் அமையும். சுருளைத் தண்டில் நகர்த்தி நுணுக்கமாக இசைவிக்கலாம். தண்டின் பக்கவாட்டு நிலையத்தை நோக்கியிருக்க வேண்டும். முனையை நீட்டினால் சைகை மறைந்துவிடும். சார்ஜர், எல்இடி விளக்குகளின் இரைச்சலுக்கும் எட்டத்தில் வையுங்கள். பெருக்கியும் வடிகட்டியும் சேர்த்தால் துடிப்புகள் கிடைக்கும்.

அவற்றைப் படிப்பது எப்படி? ஒவ்வொரு நொடித் தொடக்கத்திலும் அலையின் வீச்சு சட்டென்று குறையும். 0.1 நொடி குறைந்தால் 0, 0.2 நொடி என்றால் 1. நிமிடத்தைச் சொல்லும் ஏழு பிட்டுகளின் மதிப்பு 1, 2, 4, 8, 10, 20, 40. நிமிடம் 37 என்றால் 1, 2, 4, 10, 20 மதிப்புள்ள பிட்டுகள் 1 ஆக இருக்கும். அடுத்து வரும் சரிபார்ப்புப் பிட், 1-களின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கும். இரைச்சல் ஒரு பிட்டைக் கெடுத்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

59-ஆம் நொடியில் துடிப்பே இராது. அந்த மௌனத்துக்கு அடுத்த துடிப்புதான் புது நிமிடத்தின் தொடக்கம். துடிப்புகளைப் படிக்கும் மைக்ரோகன்ட்ரோலர் அந்தக் கணத்தில் கடிகாரத்தைத் திருத்தும். 1,000 கி.மீ. தொலைவில் இருந்தாலும் அலை வந்துசேரும் தாமதம் 3 மில்லிநொடி அளவே.