பல்லும் பாதித் தூக்கமும்



தோட்டத்தில் பெரட்டுக்கு விடியற்காலையில் ஆள் கூப்பிடுவது வழக்கம். பல் முளைக்கும் பிள்ளை இருக்கும் வீட்டிலோ இரவு இரண்டு மணிக்கே பெரட்டு. கூப்பிடுவது கங்காணி அல்லர், ஒன்றரை வயதுப் பிள்ளை. அப்பா, அம்மா, பாட்டி மூவரும் எழுந்து ஆஜராக வேண்டும். லயத்து வீட்டில் இடைச்சுவர் பலகையாக இருந்துவிட்டால், அடுத்த வீட்டுக்காரர் பெயரும் தானாகவே பதிவாகிவிடும்!

பால் பற்கள் மொத்தம் 20. ஏறத்தாழ 6-ஆம் மாதத்தில் கீழ்த்தாடையின் நடுப்பற்கள் இரண்டும் முதலில் தலைகாட்டும். சில பிள்ளைகளுக்கு 4-ஆம் மாதத்திலேயே வரும். சிலருக்கு முதல் பிறந்த நாளும் வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வாயைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. 13 முதல் 19 மாதங்களுக்குள் முதல் கடைவாய்ப் பற்கள், பிறகு கோரைப் பற்கள், இரண்டு வயதுக்கு மேல் கடைசிக் கடைவாய்ப் பற்கள் என்று வரிசை தொடரும். முன்பல் உளியைப் போல மெல்லியது. கடைவாய்ப் பல்லோ அம்மிக் குழவியைப் போல அகலமானது. ஈறு வீங்கிப் பிள்ளை அதிகம் சிணுங்குவது பெரும்பாலும் இந்தப் பல்லுக்குத்தான். பகலில் கோழியும் பூனையும் பார்த்து வலியை மறந்திருக்கும் பிள்ளைக்கு, இரவில் மறக்க வேறு வேலை இல்லை.

இந்தத் தொல்லை எத்தனை நாளைக்கு? 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லண்டு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு விடை தருகிறது. பல் வெளிவருவதற்கு முன் 4 நாள், வெளிவரும் நாள், அதன்பின் 3 நாள், ஆக 8 நாள்தான் ஒரு பல்லின் ஆட்சி. எச்சில் வடிதல், கடித்தல், எரிச்சல், உடம்பு சற்றே வெதுவெதுப்பாதல் இவையே அதன் குறிகள். ஒரு மாதமாகப் பிள்ளை தூங்கவில்லை என்றால் பல்லின் மேல் மட்டும் பழி போடாதீர்கள்.

இங்கேதான் நான் சற்றுக் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. “பல் காய்ச்சல்” என்று நம்மவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 38 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் அடிக்கும் காய்ச்சலைப் பல் கொண்டுவருவதில்லை. வயிற்றுப்போக்கும் அப்படியே. பல் முளைக்கும் பருவத்தில்தான் தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்புச் சக்தி குறைகிறது. அதே பருவத்தில்தான் பிள்ளை செருப்பு முதல் சாவிக்கொத்து வரை எல்லாவற்றையும் வாயில் வைக்கிறது. நோய் வருவதற்கு இது போதாதா? எங்கள் தோட்டத்தில் ஒரு பிள்ளை மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தது. “பல்லுதாங்க, சரியாயிடும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் காதுக்குள் சீழ். காய்ச்சல் கண்டால் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். மிஸி பார்த்துவிட்டு “ஒன்றுமில்லை” என்றால், போய் வந்த நேரம்தானே நஷ்டம்!

வைத்தியத்துக்கு வருவோம். சுத்தமாகக் கழுவிய விரலால் ஈறை மெல்லத் தேய்த்துவிடலாம். நனைத்துப் பிழிந்த துணியைக் குளிர்பெட்டியில் வைத்து, குளிர்ந்ததும் கடிக்கக் கொடுக்கலாம். கட்டியாக உறைந்துவிடக் கூடாது. ரப்பர் வளையமும் நல்லதுதான். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டாதீர்கள், தூக்கத்தில் இறுகிவிடும். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் தடவுவது ஆபத்து. ஈறில் சாராயம் தொட்டு வைப்பதை வைத்தியம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மரத்துப்போகச் செய்யும் பென்ஸோகெயின் கலந்த களிம்பை இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயன்படுத்த வேண்டாமென்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. பழைய கதை இதைவிடக் கொடியது. இங்கிலாந்தில் பல்லுக்கென்று விற்ற பொடியில் பாதரசம் கலந்திருந்தது. கைகால் சிவந்து, உரிந்து, வலியால் துடித்த பிள்ளைகள் அநேகர், இறந்தவர்களும் உண்டு. 1954-இல் பொடியிலிருந்து பாதரசத்தை நீக்கினார்கள். அந்த நோயும் மெல்ல மறைந்துபோயிற்று. வலி மிகுந்தால் பிள்ளையின் எடைக்கு ஏற்ற பாரசிட்டமோல் அளவை மிஸியிடமோ மருந்தாளரிடமோ கேட்டுக் கொடுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

இனி, பெற்றோருக்கு வைத்தியம். இரவை இரண்டு ஷிப்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு வரை அவர், பிறகு நீங்கள். “எனக்குக் காலையில் வேலை” என்று அவர் சொன்னால், “எனக்கு மட்டும் பெருநாள் விடுமுறையா?” என்று கேட்கலாம். எந்த இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள் என்று நாள்காட்டியில் கோடு போட்டு வாருங்கள். கோட்டைக் கூட்டிப் பார்க்கும்போது சிரிப்பு வரும். கிளினிக்கில் கேட்டால் சொல்லவும் உதவும். பல் வரும் வரை பாட்டியோடு பந்தயம் கட்டுங்கள், மேலேயா கீழேயா என்று. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் பல்லுக் கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் சொரிந்து, எதிரே புத்தகம், பேனா, நகை எல்லாம் பரப்பி, எதைத் தொடுகிறது என்று பார்ப்பார்கள். நான் பார்த்த பிள்ளை புத்தகத்தைத்தான் எடுத்தது. வாத்தியாராகும் என்று சபையே மகிழ்ந்தது. அது புத்தகத்தின் மூலையைக் கடிக்கத் தொடங்கியதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

சிரிப்பு வராத இரவும் உண்டு. அழுகை நிற்காது, கை நடுங்கும், கோபம் தலைக்கு ஏறும். அந்த நேரத்தில் பிள்ளையைப் பிடித்து உலுக்கிவிடாதீர்கள். ஒரு சில விநாடி உலுக்கலே இளம் மூளையில் இரத்தக்கசிவை உண்டாக்கும். பிள்ளையைப் பத்திரமான இடத்தில் படுக்க வைத்துவிட்டு, வாசலில் ஐந்து நிமிடம் நின்று வாருங்கள். அழட்டும், அழுவதால் ஒன்றும் ஆகாது. அல்லது பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள். அவரும் எப்படியும் விழித்துத்தான் இருப்பார்.

முதல் பல் வந்த அன்றே மெல்லிய தூரிகையால் துலக்கத் தொடங்குங்கள். பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவிடாதீர்கள். மூன்று வயதுக்குள் பெரும்பாலும் 20 பற்களும் நிறைந்துவிடும். இவ்வளவு பாடுபட்டு வந்த முன்பற்களை விழவிட்டுவிட்டு, ஏழு வயதில் முதலாம் ஆண்டு வகுப்பில் என் முன்னே வந்து நின்று, “ச” எழுத்தைக் காற்றாக ஊதுவார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.