சோதனைப் பதிவுகளும் இரைச்சலும்

மென்பொருளொன்று தான் செய்தவற்றை வரி வரியாக எழுதிவைக்கும் குறிப்பு பதிவு எனப்படும். வழு நேர்ந்தவிடத்து ஆக்கியோனுக்குச் சான்று கூறுவது அதுவே. எனினும், நூற்றுக்கணக்கான தானியங்கு சோதனைகள் அடுத்தடுத்து நடைபெறுங்கால், ஒவ்வொன்றும் தன் பதிவைத் திரையிற் கொட்டுமாயின், வழுவைக் காட்டும் ஒரு வரி பயனில்லாத பல்லாயிரம் வரிகளுள் மறைந்துபோகும். சான்று மிகுந்தமையாலேயே உண்மை புலப்படாத இந்நிலையை இரைச்சல் என்பர்.

இதனைத் தணிக்கும் முதல் வழி தரம் பிரித்தலாம். 1980களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்ளி வளாகத்தில், செண்ட்மெயில் என்னும் அஞ்சல் மென்பொருளுடன் எரிக் ஓல்மன் ஆக்கிய சிஸ்லொக் முறை இதற்கு முன்னோடியாகும். அதன் இன்றைய வடிவில், பேரிடரைச் சுட்டும் 0 முதல் நுண்குறிப்பைச் சுட்டும் 7 வரை எட்டுப் படிகள் உள. 2003 இல் வெளிவந்த பைதன் 2.3 ஆம் பதிப்பிலே சேர்க்கப்பட்ட பதிவுத் தொகுதியோ நுண்குறிப்பு, செய்தி, எச்சரிக்கை, பிழை, பெரும்பிழை என்பவற்றுக்கு முறையே 10, 20, 30, 40, 50 என எண் வகுத்தது. வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து 30க்குக் குறைந்தவை வெளிப்படா.

இரண்டாவது வழி மூலம் பிரித்தலாம். நூல் இரவல் வழங்கும் மென்பொருளொன்றில் தவணைத் திகதி பிழைபடுகின்றது என்க. தரவுத்தளத் தொகுதி தன் ஒவ்வொரு வினவலையும் அறிவித்துக்கொண்டிருப்பின், திகதிக் கணக்கு கண்ணிற் படாது. பைதனிற் பதிவேடுகள் தனித்தனிப் பெயருடையன. ஆதலின், தரவுத்தளத்தின் பதிவேட்டை 30 இல் நிறுத்தித் திகதிப் பகுதியினதை 10 இல் விடலாம்.

மூன்றாவது, தோற்ற சோதனையின் பதிவை மாத்திரம் காட்டல். பைரெஸ்ற் என்னும் சோதனைக் கருவி ஒவ்வொரு சோதனையின் வெளியீட்டையும் பிடித்துவைத்து, அது தோற்றால் மட்டுமே அறிக்கையுடன் காட்டும். ஆயினும் படியைத் தாழ்த்தினாலன்றி நுண்குறிப்புகள் இங்கும் கிட்டா. முதற்றோல்வியில் நிறுத்துமாறும் அக்கருவியைப் பணிக்கலாம். பின்வரும் தோல்விகள் பல அதன் விளைவுகளாகவே இருத்தல் கூடும்.

எனினும் அடக்குதற்கும் ஓர் எல்லையுண்டு. மீண்டும் மீண்டும் வரும் எச்சரிக்கையை மறைப்போன் அதன் காரணத்தையும் மறைத்துவிடுகிறான். சிலவேளை மட்டும் தோற்கும் சோதனையை வேண்டும்போது மீளத் தோற்கச் செய்தல் அரிது. அன்று எழுதப்படாத பதிவு பின்னர்க் கிடைக்காது. ஆதலின் திரையிற் சிலவே தோன்ற, முழுப் பதிவும் கோப்பொன்றிற் காக்கப்படல் வேண்டும்.