பரிசுப் பெட்டி போடுமுன்

தீபாவளி நெருங்கினால் இனிப்பு, முந்திரி, உலர் திராட்சை என்று நாலைந்து சரக்கைச் சேர்த்துப் பரிசுப் பெட்டி போடுகிறோம். வாங்குபவருக்கு அலைச்சல் மிச்சம். விலையும் சற்றுக் குறைவு. நமக்கோ, மெதுவாகப் போகும் சரக்கும் ஓடும் சரக்கோடு சேர்ந்து நகர்ந்துவிடும். (இதைச் சாக்கிட்டுப் பழைய சரக்கைத் தள்ளிவிடுவோரும் உண்டு. அந்த வாடிக்கையாளர் மறு வருடம் வரமாட்டார்.)

ஆனால் வணிக அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டிக்கு ஒரே விலை வைத்தால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 8-ஆவது பிரிவுப்படி அது 'மிக்ஸ்டு சப்ளை'. உள்ளே எந்தச் சரக்குக்கு வரி அதிகமோ, அந்த வரிதான் முழுப் பெட்டிக்கும். முந்திரி, திராட்சை, இனிப்புக்கு 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் கலர் பானத்துக்கு 40 சதவீதம்.

வரி நீங்கலாக 500 ரூபாய்ப் பெட்டியில் இனிப்பும் பருப்பும் 460, கலர் பாட்டில் 40 ரூபாய் என்று வையுங்கள். தனித்தனியே விற்றால் வரி 23-ம் 16-ம் சேர்ந்து 39 ரூபாய். ஒரே விலையில் விற்றால் 200 ரூபாய்! நம் லாபம் அதில் கால் பங்குகூட வராது.

பாட்டிலைப் பெட்டியில் வைக்காமல், தனி விலையில், தனி பில்லில் கொடுங்கள். பெட்டி அச்சுக்குப் போகுமுன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.